ஃபார்மட் போடும் முன் டிஸ்க்கைப் பாருங்கள்

கணினி கேள்வி-பதில் பகுதிக்கு இந்த முறை நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் நிறையக் கடிதங்கள். பெரும்பாலானவற்றில் கேள்வி ஒன்றுதான்: "சிஸ்டம் ரொம்ப ஸ்லோ. ஃபார்மட் போடலாமா?" ஒவ்வொருவருக்கும் பதில் வேறு. மலைக்கே உரிய சில சங்கதிகளும் இதில் இருக்கின்றன.

கேள்வி: எங்கள் தேயிலைத் தூள் கடையில் 2018-இல் வாங்கிய டெஸ்க்டாப் இருக்கிறது. ஐ3 ப்ராசஸர், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் ஆன் செய்தால் கணக்கு எழுதும் டாலி மென்பொருள் திறக்கவே கால் மணி நேரம் ஆகிறது. போன வருடம் ஃபார்மட் போட்டோம். இரண்டு மாதம் நன்றாக ஓடியது, பிறகு பழையபடி ஆகிவிட்டது. சர்வீஸ் கடையில் மறுபடியும் ஃபார்மட் போடச் சொல்கிறார்கள். போடலாமா? (கோத்தகிரி வாசகர்)

பதில்: "இரண்டு மாதம் நன்றாக ஓடியது" என்று எழுதியிருக்கிறீர்களே, நோய் அங்கேதான் தெரிகிறது. விண்டோஸ் மட்டும் கெட்டிருந்தால், புதிதாகப் போட்ட பிறகு இவ்வளவு சீக்கிரம் அதே நிலைக்கு வராது. அடியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் மீதுதான் சந்தேகம்.

சோதிப்பது எளிது. காலையில் ஆன் செய்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். ஆக்டிவ் டைம் 100 சதவீதத்தில் நின்றுகொண்டு, படிக்கும் வேகம் மட்டும் வினாடிக்கு 1, 2 எம்பி என்று காட்டுகிறதா? டிஸ்க் ஓயாமல் உழைக்கிறது, ஆனால் ஆகும் வேலை கொஞ்சம்தான். காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் டிஸ்க்கில், ஹெட் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்து சரியான தடத்தைப் பிடிக்க ஏறத்தாழ 12 மில்லி செகண்ட் ஆகும். வினாடிக்கு எண்பது முறை தேடினாலே பெரிய விஷயம். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்கிறது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க் அதே தேடலை 0.1 மில்லி செகண்டில் முடித்துவிடும்.

அதே பக்கத்தில் ரெஸ்பான்ஸ் டைம் என்ற எண்ணையும் பாருங்கள். கூட்டமான நேரத்தில் சில நூறு வரை போவது ஹார்ட் டிஸ்க்குக்குச் சகஜம். அடிக்கடி 1,000, 2,000 மில்லி செகண்டைத் தாண்டினால் டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கலாம். உறுதிசெய்ய கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் மூன்று வரிகள் போதும்: ரீஅலொகேட்டட் செக்டர்ஸ், கரண்ட் பெண்டிங் செக்டர்ஸ், அன்கரெக்டபிள் செக்டர்ஸ். இவற்றின் கடைசிப் பத்தியில் முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் நல்லது. வேறு எழுத்தோ எண்ணோ வந்தால் அந்த டிஸ்க்கை நம்பிக் கணக்கு எழுதாதீர்கள்.

போன வருட ஃபார்மட் இரண்டு மாதம் தாங்கியதற்கும் இங்கே விளக்கம் கிடைக்கும். படிக்க முடியாமல் திணறும் ஓர் இடத்தில் புதிதாக எழுத முயலும்போது, டிஸ்க் அதை ஒதுக்கிவிட்டு உபரி இடத்துக்கு மாறிக்கொள்ளும். விண்டோஸைப் புதிதாக எழுதினால் அந்தப் பகுதிகள் தற்காலிகமாகச் சரியானதுபோல் இருக்கும். பக்கத்தில் அடுத்த இடம் கெடும்வரைதான் அந்த நிம்மதி. பெண்டிங் வரியில் எண் இருக்கும்போது ஃபார்மட்டும் வேண்டாம், முழு டிஸ்க்கையும் தேய்த்துப் பார்க்கும் சோதனையும் வேண்டாம். முதலில் டாலி டேட்டாவை வெளியே எடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

ராமையும் பாருங்கள். மெமரி 85, 90 சதவீதத்தில் நின்றால், இடம் போதாமல் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கின் ஒரு பகுதியையே ராம் போலப் பயன்படுத்துகிறது. அப்போது டிஸ்க் 100 சதவீதம் காட்டுவதற்கு ராம் பற்றாக்குறையும் பொறுப்பு. விண்டோஸ், டாலி, ப்ரௌசர், ஆன்டிவைரஸ் எல்லாம் சேர்ந்து ஓடினால் 4 ஜிபி தாங்காது.

எங்கள் யோசனை: 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, கூடவே 4 ஜிபி ராம். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டி முதலில். டிஸ்க் மாற்றும்போது விண்டோஸ் புதிதாகப் போடுவது நல்லதுதான், அதற்கு இதுவே சரியான நேரம். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ப்ராசஸர் எண்ணைப் பாருங்கள். ஐ3-8100 போல 8-இல் தொடங்கினால் விண்டோஸ் 11 ஏற்கும். 7100 என்றால் ஏற்காது. 8-ஆக இருந்தும் "டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) இல்லை" என்று சொன்னால் பயாஸில் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) இன்டெல் பிடிடி என்ற அமைப்பு அணைந்திருக்கும், அதை ஆன் செய்யுங்கள். 10-க்கு வாங்கிய லைசென்ஸ் அதே ஹோம் அல்லது ப்ரோ பதிப்பில் 11-க்கும் செல்லும். அது மதர்போர்டோடு ஒட்டியது, டிஸ்க் மாற்றினால் போகாது.

ஒரு நுணுக்கம். எஸ்எஸ்டியில் விண்டோஸ் போடும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் மாட்டியிருந்தால் விண்டோஸ் தன் பூட் பகுதியைப் பழைய டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடக்கூடும். பிறகு ஒரு நாள் அந்த டிஸ்க்கைக் கழற்றினால் புதியதும் எழாது. கழற்றிய டிஸ்க்கை அழிக்காமல் ஒரு மாதமாவது அலமாரியில் வையுங்கள். ஏதாவது எடுக்க மறந்திருந்தால் அதுதான் கைகொடுக்கும். டாலியைப் பொறுத்தவரை, பழைய விண்டோஸ் ஓடும்போதே லைசென்ஸை சரண்டர் செய்து, அதாவது இந்தக் கணினியிலிருந்து விடுவித்து, வைத்துவிடுங்கள். டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதையும் டாலிக்குள்ளேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கடையிலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை.

கேள்வி: தட்டச்சு, ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். போன முறை ஃபார்மட் போட்டபோது "மை டாக்குமென்ட்ஸ் எல்லாம் எடுத்தாச்சு" என்றார்கள். ஆனால் பழைய தமிழ் நோட்டீஸ்களைத் திறந்தால் எல்லாம் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வருகின்றன. இந்த முறை எதையெல்லாம் எடுத்துவைக்க வேண்டும்? (குன்னூர் வாசகர்)

பதில்: உங்கள் ஃபைல்கள் கெடவில்லை, ஃபாண்ட்தான் போய்விட்டது. பாமினி, வானவில் போன்ற பழைய ஃபாண்ட்கள், எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் முறை வருவதற்கு முந்தைய முறையில் அமைந்தவை. ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்திருக்கும். ஃபாண்ட் இல்லாவிட்டால் அடியிலிருக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரியும். அதே ஃபாண்டை மறுபடி நிறுவினால் நோட்டீஸ் உயிர் பெறும்.

எடுக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ். இன்னொன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் 10-இன் பிற்காலப் பதிப்புகளிலிருந்து, ஃபாண்ட் மீது இரண்டு முறை தட்டி நிறுவினால் அந்தப் பயனருக்கு மட்டும் போய்ச் சேரும். அது யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபாண்ட்ஸ் என்ற வழியில் இருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், வியூ மெனுவில் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால்தான் தெரியும். அடிக்கடி அச்சடிக்கும் நோட்டீஸ்களை இப்போதே பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிடுங்கள். ஃபாண்டின் வடிவம் அதற்குள் பதிந்துவிடும். புதிதாக அடிப்பதை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லையே இராது. தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸுக்குள்ளேயே வருகிறது.

ஃபைல்களைவிட டிரைவர்களையும் (கருவிகளை இயக்கும் மென்பொருள்கள்) சாவிகளையும்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். பிரிண்டர், ஸ்கேனர், கைரேகை எடுக்கும் கருவி, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் எல்லாவற்றின் டிரைவரையும் முன்கூட்டியே இறக்கி பென்டிரைவில் வையுங்கள். வைஃபை டிரைவர் கட்டாயம். அது இல்லாமல் நெட் வராது, நெட் இல்லாமல் அதை இறக்கவும் முடியாது. ப்ரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், வாட்ஸ்அப்பில் வந்து டவுன்லோட்ஸில் கிடக்கும் வாடிக்கையாளர் ஃபைல்கள், டெஸ்க்டாப்பில் பரப்பிவைத்தவை, இவற்றையும் சேருங்கள். லேப்டாப்பாக இருந்தால் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிவைக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாகப் போடும் விண்டோஸ் 11, கேட்காமலே இந்தப் பூட்டை (என்கிரிப்ஷன்) ஆன் செய்துவிடுவது உண்டு.

இன்னொன்று, மலையில் இருப்பவர்களுக்காக. விண்டோஸ் 11 ஃபைல் 5 ஜிபிக்கு மேல். நாளுக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி தரும் மொபைல் பேக்கில் அது இறங்காது, பாதியில் நிற்கும். மேட்டுப்பாளையம், கோவை பக்கம் போகும்போது நல்ல நெட் உள்ள இடத்தில் 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். பென்டிரைவில் இருப்பது அழியும் என்பதால் காலியானதாக எடுத்துப்போங்கள். புதிய லேப்டாப்களில், குறிப்பாக இன்டெல் 11-ஆம் தலைமுறைக்குப் பிறகு, விண்டோஸ் போடும்போது "டிஸ்க் எதுவும் இல்லை" என்று காட்டினால் பதற வேண்டாம். டிஸ்க்கை விண்டோஸுக்குக் காட்டும் விஎம்டி டிரைவர் தேவை. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து அதையும் அதே பென்டிரைவில் போட்டுவைத்தால் அங்கேயே ஏற்றிவிடலாம்.

கேள்வி: தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் கரண்ட் போய்ப் போய் வரும். அப்படிப் பல முறை அணைந்த பிறகு என் கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் "ரிப்பேர்" என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. எழுந்தாலும் ஸ்டார்ட் மெனு திறக்காது. (கூடலூர் வாசகர்)

பதில்: இது பாதி எழுதும்போது கை தட்டிவிடப்பட்ட நோட்டுப் புத்தகத்தின் கதை. ஃபைல் அட்டவணையிலோ விண்டோஸின் ஏதோவொரு ஃபைலிலோ அரைகுறை எழுத்து நின்றிருக்கும். ஃபார்மட்டுக்கு முன் மூன்று படிகள் இருக்கின்றன.

முதலில் சி டிரைவ் மீது வலது கிளிக், ப்ராப்பர்டீஸ், டூல்ஸ், செக். அடுத்து கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'எஸ்எஃப்சி' என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, 'ஸ்கேன்நவ்' என்று சேர்த்து அடியுங்கள். கெட்ட சிஸ்டம் ஃபைல்களைத் தேடி மாற்றும். "எல்லாவற்றையும் சரிசெய்ய முடியவில்லை" என்று அது கைவிரித்தால் மூன்றாவது படி: இருக்கும் விண்டோஸ் மேலேயே விண்டோஸ் போடுவது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் விண்டோஸ் ஏற்றிய பென்டிரைவைத் திறந்து செட்டப்பைத் தட்டி, ஃபைல்களும் ஆப்களும் இருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்தால் டாலி, பிரிண்டர், ஃபாண்ட் எதுவும் போகாது. சிஸ்டம் ஃபைல்கள் மட்டும் புதிதாகும். விண்டோஸ் 11-இன் இப்போதைய பதிப்பில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி பக்கத்திலேயே விண்டோஸ் அப்டேட் மூலம் சரிசெய்யும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதுவும் இதே வேலையைச் செய்கிறது, நெட் மட்டும் வேண்டும். சர்வீஸ் கடைகள் இதை ஏன் அதிகம் சொல்வதில்லை என்பது எங்களுக்கும் புதிர்தான். நேரம் கூடப் பிடிக்கும், அதுதான் காரணமாக இருக்கலாம்.

ரிப்பேரோ ரீஇன்ஸ்டாலோ, நடுவில் கரண்ட் போனால் இருப்பதும் போகும். 600 விஏ யுபிஎஸ் சாதாரண டெஸ்க்டாப்பைப் பத்து நிமிடம் தாங்கும். ஒழுங்காக அணைக்க அது போதும், ஒரு மணி நேர ரிப்பேருக்குப் போதாது. மழை விட்ட நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். யுபிஎஸ் இருந்தும் படக்கென்று அணைகிறதென்றால் உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரி இரண்டு, மூன்று வருடம் ஆனதாக இருக்கும். அதை மட்டும் மாற்றலாம். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். அது சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தில் யுபிஎஸ் விழுந்துவிடும். இடி மின்னலின்போது ப்ளக்கைப் பிடுங்கும் பலர் நெட் கேபிளை விட்டுவிடுகிறார்கள். அதன் வழியாகவும் மதர்போர்டு போகும்.

கேள்வி: பனிக்காலத்தில் காலை ஏழு மணிக்கு லேப்டாப் நகரவே மாட்டேன் என்கிறது, பத்து மணிக்குச் சரியாகிவிடுகிறது. ஊட்டிக் குளிர்தான் காரணமா? உயரமான ஊரில் ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் கெடும் என்கிறார்களே? (உதகை வாசகர்)

பதில்: உயரத்தால் இல்லை. ஹார்ட் டிஸ்க்கின் ஹெட் காற்றுப் படலத்தின் மீது மிதந்து படிக்கிறது. காற்று மெலிந்தால் மிதப்பு குறையும் என்பது உண்மை. ஆனால் பொதுவாகத் தயாரிப்பாளர்கள் தரும் எல்லை ஏறத்தாழ 3,000 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர்தான். தொட்டபெட்டா உச்சியில் வைத்தாலும் எல்லைக்குள்தான் இருக்கும்.

குளிரில் உண்மை இருக்கிறது. பல ஹார்ட் டிஸ்க்குகள் 5 டிகிரிக்குக் கீழே இயக்க ஏற்றவை அல்ல. உறைபனி விழும் காலையில் ஜன்னலோர மேசையில் கிடந்த லேப்டாப் அதைவிடச் சில்லென்று இருக்கும். இரவில் கம்பளிக்குள் வேண்டாம், உள்ளறை அலமாரியில் வைத்தால் போதும். ஆனால் ஏழு மணி மந்தத்துக்கு இன்னொரு சந்தேக நபரும் உண்டு. இரவெல்லாம் அணைந்திருந்த லேப்டாப் எழுந்ததும் அப்டேட்டும் ஆன்டிவைரஸ் ஸ்கேனும் ஒன்றாகத் தொடங்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பத்தியின் தலைப்பைத் தட்டினால் யார் சாப்பிடுகிறார் என்று மேலே வந்து நிற்கும்.

குளிரைவிட ஈரம் பொல்லாதது. குளிர்ந்த லேப்டாப்பைக் காலை பஸ்ஸில் எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் இறங்கி உடனே ஆன் செய்தால், கீழ்க்காற்றின் ஈரம் அதன் குளிர்ந்த உலோகத்தில் வியர்த்திருக்கும். பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள்.

எப்போதுமே மந்தம் என்றால் டாஸ்க் மேனேஜரில் சிபியு வேகத்தைப் பாருங்கள். வேலை கொடுத்தும் 0.8 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறாமல் நின்றால், ப்ராசஸர் தன்னைத் தானே அடக்கிக்கொள்கிறது. தூசி அடைத்த ஃபேனும் காய்ந்த தெர்மல் பேஸ்ட்டும் ஒரு காரணம். மெலிந்த காற்று சூட்டைக் குறைவாகத்தான் எடுத்துச் செல்லும் என்பதால், மலையில் ஃபேனைச் சுத்தமாக வைப்பது இன்னும் முக்கியம். மாற்று சார்ஜர் இன்னொரு காரணம். சில லேப்டாப்கள் சார்ஜரை அடையாளம் காணாவிட்டால் வேகத்தைக் குறைத்துவிடும். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நூறு முறை ஃபார்மட் போட்டாலும் இது தீராது.

கேள்வி: காப்பித் தோட்டக் கணக்கு எழுதும் கணினி. ஒரு பையன் இலவசமாக ஆபீஸ் போட்டுக் கொடுத்தான். அதற்குப் பிறகு ப்ரௌசர் திறந்தால் ஏதேதோ தளங்கள், மூலையில் விளம்பரம், ஃபேன் ஓயாமல் ஓடுகிறது. இதற்கும் ஃபார்மட் வேண்டாம் என்பீர்களா? (தாண்டிக்குடி வாசகர்)

பதில்: வேண்டும், இன்றே. ஆபீஸை ஆக்டிவேட் செய்யும் திருட்டுக் கருவி ஓடும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லியிருக்கும், வீட்டுச் சாவியை அப்போதே கொடுத்தாகிவிட்டது. உள்ளே வந்தது என்னென்ன செய்தது என்று ஸ்கேன் செய்து முழுமையாகத் தெரிந்துகொள்ள முடியாது.

நெட்டைத் துண்டியுங்கள். பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளைப் போனிலிருந்து மாற்றுங்கள், இந்தக் கணினியிலிருந்து அல்ல. ஆவணம், படம், கணக்கு டேட்டா மட்டும் எடுங்கள். செட்டப் ஃபைல்கள், கிராக், ஜிப் எதுவும் வேண்டாம். விண்டோஸ் பென்டிரைவை வேறொரு நல்ல கணினியில் தயாரியுங்கள். "ஃபைல்களை வைத்துக்கொள்" என்ற ரீசெட் இங்கே உதவாது. பென்டிரைவிலிருந்து எழுப்பி, அந்த டிஸ்க்கின் எல்லாப் பார்ட்டிஷனையும் ஒவ்வொன்றாக அழித்து, ஒதுக்கப்படாத இடமாக ஆக்கி, அதைத் தேர்ந்து நெக்ஸ்ட் தட்டுங்கள். டி டிரைவும் போகும், அதில் உள்ளதை முன்பே எடுத்திருக்க வேண்டும். ப்ராடக்ட் கீ கேட்டால் "இல்லை" என்று தாண்டி, முன்பிருந்த அதே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். அசல் லைசென்ஸாக இருந்தால் நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். எடுத்துவைத்ததைத் திரும்பப் போடும் முன் விண்டோஸ் டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள். அதற்கு மேல் இன்னோர் ஆன்டிவைரஸ் தேவையில்லை. கணக்கு எழுத லிப்ரே ஆபீஸ் போதும், அது உண்மையிலேயே இலவசம்.

கேள்வி: அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு இலவச லேப்டாப் இப்போது எனக்கு. 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 போடலாமா? (கொடைக்கானல் மாணவி)

பதில்: போட முடியாது, வற்புறுத்திப் போட்டாலும் ஓடாது. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் லேப்டாப்களில் விண்டோஸோடு, அதற்கு மாற்றான பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தையும் போட்டே கொடுத்தார்கள். நீங்கள் அந்த வழியில் போகலாம். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு குறைந்தது 2 ஜிபி கேட்கும், 4 ஜிபி இருந்தால் சுகம். ராமுக்கு இன்னோர் இடம் இருந்தால் டிடிஆர்3 வகை ராம் ஒன்று போடுங்கள். முதலில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், வைஃபை, ஒலி, தமிழ் எல்லாம் வருகிறதா என்று. 2 ஜிபியில் ப்ரௌசரில் இரண்டு டேபுக்கு மேல் திறக்காதீர்கள், தம்பி தங்கைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: எந்தத் தளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பில்லை" என்று வருகிறது. ஒவ்வொரு நாளும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. வைரஸ், ஃபார்மட் போட வேண்டும் என்றார்கள். (பந்தலூர் வாசகர்)

பதில்: வைரஸ் இல்லை. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தவறினால் தளங்களின் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள், எழுத்துள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். பிறகு பயாஸில் தேதியைச் சரிசெய்து சேமித்துவிடுங்கள்.